இல்லாத நாளுக்கு ஒரு மெமோ

1.

இந்தக் கதை, நான் படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் ஒப்புக்கொண்டால் திருப்பம் என்று பாராட்டுவீர்கள். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

என் பெயர் இசக்கியம்மாள். அடையாற்றில் ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் சொல்ல மாட்டேன், தேடாதீர்கள்) பணியாளர் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்தொன்பது வருட சர்வீஸ். இடையிடையே சிறுபத்திரிகைகளில் கதை எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் யாரும் படித்ததில்லை. வீட்டில் படித்தவர்கள், ஏன் எழுதினாய் என்று கேட்டார்கள்.

மாதா மாதம் வருகைப்பதிவில் விடுபட்டவர்களின் பட்டியல் எங்களுக்கு வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு மெமோ போகும்: 'இன்ன தேதியில் முன்அனுமதியின்றிப் பணிக்கு வராதது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' நாற்பது மெமோ, நாற்பது கையெழுத்து. சென்ற ஆகஸ்டில் போனவற்றில் ஒன்று தஹ்சீன் என்ற ஆராய்ச்சியாளருக்கு. ஜூலை ஒன்றாம் தேதி ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

ஜூலை ஒன்றாம் தேதி அவர் எங்கள் பணியிலேயே இல்லை. அந்த ஒரு நாளுக்கு அவரை வேலையிலிருந்து வெளியே வைத்ததும் நான்தான்.

2.

இது விளங்கக் கொஞ்சம் அலுவலக விதி சொல்லியாக வேண்டும். விதி இல்லாமல் தொடங்க முடியுமா என்று முயன்றும் பார்த்தேன். அந்த முயற்சிகளை வெட்கப்படாமல் கீழே வைக்கிறேன்.

[தொடக்கம் ஒன்று: மயிலாப்பூர் குளத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தஹ்சீன் தன் வயிற்றின் மேல் கையை வைத்தபடி—]

தஹ்சீன் மயிலாப்பூரில் குடியிருப்பது சரிதான். ஆனால் அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. லஸ்ஸில் பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறுகிற ஆள்.

[தொடக்கம் இரண்டு: கண்காணிப்பாளர் முத்துகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மெமோவின் அடியில் இருந்த கையெழுத்து அவருடையதுதான் என்பதை—]

முத்துகிருஷ்ணன் என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் கிடையாது. பழியை யாராவது ஓர் ஆண்பிள்ளையின் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆகவே விதி. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்பவரை எங்கள் கோப்புகள் 'மேலாய்வாளர்' என்று சொல்லும். வளாகத்தில் எல்லாரும் போஸ்ட்டாக் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுக்காக ஒரு கொள்கைப் புத்தகம் போட்டோம். வழவழப்பான தாள். ஆறு மாத மகப்பேறு விடுப்பு, மருத்துவக் காப்பீடு, குழந்தைகள் காப்பகத்தில் இடம், எல்லாம் உண்டு. ஒரே நிபந்தனை: இடைவெளியில்லாமல் ஓராண்டு பணி செய்திருக்க வேண்டும்.

ஆனால் நாங்கள் கொடுக்கும் நியமன ஆணை பதினொரு மாதத்துக்கு. அது முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி. மறுநாள் புதிதாகப் பதினொரு மாதம். நாளைக்கு யாரும் நிரந்தரம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக அந்த ஒரு நாள். எத்தனை வருடம் உழைத்தாலும் எவருக்கும் ஓராண்டு நிறையாது. அந்த ஆணையின் மாதிரியைப் பதினான்கு வருடத்துக்கு முன் எழுதிக்கொடுத்தவள் நான். கச்சிதமாக வந்திருக்கிறது என்று அன்றைய பதிவாளர் பாராட்டினார். வீட்டுக்கு அல்வா வாங்கிப்போனேன்.

(எத்தனையோ பாத்திரங்களை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் சுத்தமான கற்பனை, அந்தப் புத்தகத்து மேலாய்வாளர்தான். அவருக்குச் சலுகைகள் எல்லாம் உண்டு, அவர் மட்டும் கிடையாது.)

3.

அக்டோபரில், தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, தஹ்சீன் என் மேசைக்கு வந்தார். டிசம்பர் கடைசியில் பிரசவம். மகப்பேறு விடுப்பு கேட்டு எழுதிய விண்ணப்பம், 'பணியில் இடைவெளி உள்ளது' என்று திரும்பி வந்திருந்தது. விடுப்பு இல்லாமல் முப்பது நாள் தொடர்ந்து வராவிட்டால் நியமனம் தானாக ரத்தாகும். அதுவும் விதிதான். பிரசவத்துக்குப் போனால் வேலை போய்விடும். மூன்று வருடமாகச் செய்த ஆராய்ச்சி வேறு யார் கைக்காவது போகும்.

இந்த இடத்தில் அவரை அழவைத்தேன். முதல் பிரதியில் ஒரு பக்கம் முழுக்க அழுகிறார், நான் தண்ணீர் கொடுக்கிறேன், அவர் என்னை அம்மா என்கிறார். மறுபடி படித்தபோது எனக்கே எரிச்சல் வந்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

"உட்காரும்மா," என்றேன்.

"உக்காந்தா எழுந்திரிக்கக் கஷ்டம் மேடம். நின்னே பேசறேன்." இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். ஒன்று திரும்பி வந்த விண்ணப்பம். இன்னொன்று ஆகஸ்ட் மெமோ. "ஜூலை ஒன்னாம் தேதி நான் உங்க ஸ்டாஃபா, இல்லையா? ஸ்டாஃப் இல்லைன்னா, ஏன் வரலைன்னு எப்படிக் கேட்டீங்க? ஸ்டாஃப்னா, பிரேக்னு எப்படி எழுதினீங்க? ரெண்டுல ஒன்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க, வாங்கிக்கிறேன்."

மெமோவின் அடியில் என் கையெழுத்து. கொஞ்சம் சாய்வாக, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கையெழுத்து. என் இரண்டு பிரசவத்துக்கும் ஒரு வார்த்தை கேட்காமல் விடுப்பு கொடுத்தது இதே அலுவலகம்தான்.

மெமோவைத் தட்டச்சு செய்த கணேசமூர்த்தியைக் கூப்பிட்டேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், எதற்கும் பதறாதவர்.

"இன்னா மேடம், மிஷின் குட்த்த லிஸ்ட்ல பேரு கீது, அடிச்சேன். நீங்க பாத்துதானே சைன் போட்டீங்க?"

மெமோவைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"இதுக்கு விளக்கம் குடுத்தீங்களா?" என்று தஹ்சீனைக் கேட்டேன்.

"மூணாம் நாளே குடுத்துட்டேன் மேடம். சார்தான் வாங்கினாரு."

கணேசமூர்த்தி தன் மேசையில் இருந்த அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். "அப்பப்போ பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றார். அது பொய். தூசி தெரிந்தது.

விளக்கம் ஐந்தே வரி. ஜூலை ஒன்று, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு ஐம்பது முதல் மாலை ஆறு வரை ஆய்வகத்தில் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்ததாக அன்று மட்டும் பெயர் நீக்கப்பட்டிருந்ததால் வருகைப்பதிவுக் கருவி என் முகத்தை ஏற்கவில்லை. வாசலில் காவலர் நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போனேன். நகல் இணைத்துள்ளேன்.

நகலைப் பார்த்தேன். பார்வையாளர் நோட்டில் காவலர் எழுதியிருந்தார்: 'பெயர்: தஹ்சீன். யாரைப் பார்க்க: செல். காரணம்: சாப்பாடு போட.'

"பிரேக் அன்னைக்கு எதுக்கும்மா வந்தே?"

"லேப்ல வளர்க்கிற உயிர்செல்லுக்கு பிரேக் கிடையாது மேடம். ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி அதுங்களுக்கு சத்துத் தண்ணி மாத்தணும். இல்லைன்னா எட்டு மாச வேலை செத்துடும்."

4.

[இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன்.]

பதிவாளர் சிதம்பரநாதன் சார் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக்கினால் கதைக்கு வசதி, ஆனால் என் மகன் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறியவர் அவர். விஷயம் எப்படியோ காதுக்குப் போய்க் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு வரி போதும்மா. 'மேற்படி மெமோ தவறுதலாக அனுப்பப்பட்டது, திரும்பப் பெறப்படுகிறது.' கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது. தீபாவளி முடிஞ்சு வியாழக்கிழமை விடுப்புக் குழு உக்காருது, திரும்பிப் போன விண்ணப்பமெல்லாம் அங்கதான் மறுபடி வரும். அதுக்கு முன்னாடி பண்ணிடுங்க."

"பண்ணிட்டா அந்தப் பொண்ணு கையில ஒன்னும் இருக்காது சார்."

"இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இன்னைக்கு இந்தப் பொண்ணு. நாளைக்கு அறுபது போஸ்ட்டாக் வரிசையில நிப்பாங்க."

"நிக்கட்டுமே சார்."

நான் அப்படிச் சொன்னது எனக்கே கேட்டது. அவர் மேசைக் காலண்டரைப் புரட்டினார்.

"நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. கடைசி நேரத்துல கோப்புல ஒரு கறை எதுக்கு?"

இதற்குப் பதில் சொன்னதாக ஒரு பிரதியில் எழுதியிருந்தேன், கை தட்டும்படியான வசனம். அடித்துவிட்டேன். உண்மையில் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

5.

அன்று மாலை கே.கே. நகருக்குத் திரும்பும்போது தி.நகரில் பஸ் மாட்டிக்கொண்டது. பனகல் பார்க் பக்கம் தீபாவளிக் கூட்டம், ஆளுக்கு மூன்று துணிப்பை. நாற்பது நிமிடம் சக்கரம் உருளவில்லை. அலுவலக நோட்டின் பின்பக்கத்தில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. மெமோவைத் திரும்பப் பெறுகிறேன். பிப்ரவரியில் சால்வை போர்த்துகிறார்கள். எல்லாரும் நல்லபடியாகப் பேசுகிறார்கள். தஹ்சீனின் இடத்துக்கு வேறு ஒருவர் வருகிறார், அவருக்கும் நானே ஆணை எழுதுகிறேன். (எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக வந்ததுதான் பயமாக இருந்தது.)

முடிவு ஆ. தஹ்சீன் கோர்ட்டுக்குப் போகிறார். ஜெயிக்கிறார். தீர்ப்பு வரும்போது குழந்தை எட்டாம் வகுப்பு.

முடிவு இ. பதிவாளர் தாமாகவே மனம் மாறி, கண்கள் கலங்க—

இல்லை. அவரை எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும்.

முடிவு ஈ என்று எழுதிவிட்டு ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நானே நூறு முறை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்ன நடைமுறை ஞாபகத்துக்கு வந்தது. மெமோவுக்கு விளக்கம் வந்துவிட்டால், மெமோ கொடுத்தவர் அதை ஏற்கவோ நிராகரிக்கவோ வேண்டும். ஏற்றால், அந்த நாள் 'பணிநாளாகக் கருதப்படுகிறது' என்று எழுதித்தான் கோப்பை மூட வேண்டும். வேறு வாசகம் கிடையாது. அந்த ஒரு நாள் பணிநாளானால் இடைவெளி போய்விடும், இரண்டு ஆணையும் ஒட்டிக்கொண்டு ஓராண்டு நிறைந்துவிடும். அதற்குப் பதிவாளரின் அனுமதி வேண்டாம். மெமோ கொடுத்தவர் கையெழுத்து போதும்.

மெமோ கொடுத்தவள் நான்.

6.

மறுநாள் காலை கணேசமூர்த்தியிடம் தாளைக் கொடுத்தேன். படித்தார். பதறாத மனிதர் முதல்முறையாகக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், இத்த அனுப்புனா பெரியவரு காண்டாயிடுவாரு."

"ஆகட்டும். அடிங்க."

அடித்தார். கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றார். "இந்தவாட்டி படிச்சுப் பாத்து போடுங்க மேடம்," என்றார்.

மூன்று முறை படித்தேன். 'விளக்கம் ஏற்கப்படுகிறது. 01.07.2025 பணிநாளாகக் கருதப்படுகிறது.' கையெழுத்துப் போட்டேன். நகல்கள் தஹ்சீனுக்கும், அவர் துறைக்கும், விடுப்புக் குழுவுக்கும், பதிவாளருக்கும். அனுப்புகை எண் விழுந்தது. எண் விழுந்த கடிதத்தை அனுப்பவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

[ஒரு விஷயம் மட்டும் இன்றுவரை எனக்குத் தீரவில்லை. ஆகஸ்டில் நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த மெமோ போயே இருக்காது. அந்தப் பெண்ணிடம் ஒரு சாட்சியும் இருந்திருக்காது. என் அலட்சியத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா? மாட்டேன்.]

பதினொன்றரைக்குப் பதிவாளர் அறையிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். இரண்டு நிமிடம் கேட்டேன். "இல்ல சார், திரும்பப் பெற மாட்டேன்," என்றேன். வசனமாக எதுவும் தோன்றவில்லை. அதையே இன்னொரு முறை சொன்னேன்.

இப்போது முடிவு. நாளை வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு விடுப்புக் குழு உட்கார்கிறது. நான் வெளியே பெஞ்சில் இருப்பேன், கூப்பிட்டால் போவேன். தஹ்சீன் வரமாட்டார், நாளை செல்லுக்குச் சத்துத் தண்ணீர் மாற்றும் நாள். குழுவில் நான்கு நாற்காலிகள். மூன்றில் உட்காரப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் விடுப்பு தருவார், ஒருவர் தரமாட்டார், மூன்றாமவர் நான்காவது ஆளின் முகத்தைப் பார்ப்பார்.

நான்காவது நாற்காலி வெளி உறுப்பினருக்கு. பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் படித்தவர் நீங்கள், நீங்களே உட்காருங்கள். கோப்பு உங்கள் முன்னால் இருக்கிறது. ஆணை, மெமோ, விளக்கம், காவலர் நோட்டு, என் ஏற்பு, எல்லாம் வரிசையாகக் கோத்திருக்கிறேன். கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது.

நீங்கள் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. படித்துவிட்டுப் போடுங்கள்.