காஸின் தொப்பையும் கடல் ராணியும்

காஸ் ஜூராவ்ஸ்கிக்குத் தொப்பை போட்டது பஸ் ஓட்டித்தான். சிகாகோவின் வெஸ்டர்ன் அவென்யூவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான். பஸ் திரும்பும் இடத்தில் ஒரு போலிஷ் பேக்கரி இருந்தது. ஜாம் வைத்த பஞ்ச்கி உருண்டைகளைச் சூடாகப் பொரித்துப் போடுவார்கள். வேறென்ன ஆகும்?

ஆனால் ஹெட்டியின் மதுக்கடையில் அந்தத் தொப்பைக்குத் தனி மரியாதை. உலகத்துக்கே பின்பால் மெஷின் செய்து அனுப்பிய ஊர், தன் ஜனங்கள் மட்டும் அதை ஆடக் கூடாது என்று போட்டிருந்த தடையை நீக்கியதும், ஹெட்டி முதல் வேலையாக ‘கடல் ராணி’ என்ற மெஷினை வாங்கி ஜன்னலோரம் நிறுத்தினாள். எதிரே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் பச்சை வால் கடல்கன்னி ஒருத்தி படமாக உட்கார்ந்திருந்தாள். கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே பாயும். காளான் மாதிரி நிற்கும் பம்பர்களில் மோதி மோதி மணியடிக்கும். பிறகு சரிவில் உருண்டு இறங்கும். அது கீழே இருக்கும் குழியில் விழாமல், பக்கத்துப் பொத்தான்களை அமுக்கி இரண்டு துடுப்புகளாலும் திருப்பி அடிக்க வேண்டும்.

இவ்வளவுதான் ஆட்டம் என்று நினைப்பவர்கள் தோற்றுப்போவார்கள். துடுப்புக்கு எட்டாத இடத்தில் குண்டு ஓடும்போது மெஷினையே லேசாகத் தள்ளி அதற்கு வழிகாட்டத் தெரிய வேண்டும். ரொம்பத் தள்ளினாலும் ஆபத்து. உள்ளே ஓர் இரும்பு வளையத்துக்கு நடுவே ஓர் எடைக்குண்டு தொங்குகிறது. மெஷின் ஆடினால் அதுவும் ஆடும். வளையத்தைத் தொட்டுவிட்டால் ‘டில்ட்’ என்று விளக்கு எரியும், துடுப்புகள் செத்துப்போகும், ஆட்டத்துக்குரிய குண்டுகளில் ஒன்று கைவிட்டுப் போகும்.

காஸ் கையால் தள்ளவே மாட்டான். தொப்பையை மெஷினின் விளிம்பில் சாய்த்து வைத்து, மூச்சை இழுத்து விடுவான். வேண்டிய அளவு நகரும், அதற்கு மேல் ஒரு மயிரிழை கூட நகராது. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் போட்டியாக மதுக்கடை வைத்திருந்த டோம் பெல்லாச்சி ஒரு தடவை வேவு பார்க்க வந்துவிட்டு, அந்த வயிற்றைப் பார்த்ததும் தன் பீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

அப்புறம் தன் கடையில் ரகசியமாகப் பழகிவிட்டு டோம் சவால் விட்டான். கோடை தொடங்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹெட்டியின் கடையில், ஆளுக்கு ஓர் ஆட்டம். தோற்றவர்கள் ஜெயித்தவனின் படத்தைத் தங்கள் கடையில் கோடைக்காலம் முழுக்க மாட்டி வைக்க வேண்டும். ஹெட்டி யோசிக்காமல் சரி என்றாள்.

அந்தச் சமயம் பார்த்து பஸ் டிப்போவில் கூப்பிட்டு அனுப்பினார்கள். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் காஸின் வயிறு ஹார்னை அமுக்குகிறதாம், பாதசாரிகள் பயந்து ஓடுகிறார்களாம். டாக்டர் அவனை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, காஸை விட்டுவிட்டு அவன் மனைவி புரோனியாவிடம் பேசினார். அன்றிலிருந்து வீட்டில் முட்டைக்கோஸ் சூப்தான். புரோனியா பேக்கரிக்கும் போய், என் புருஷனுக்கு எதையாவது விற்றால் நான் இங்கேயே வந்து குடியிருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் நம்பினார்கள்.

சில வாரத்தில் காஸுக்குச் சட்டை தொளதொளத்தது. புரோனியா பூரித்துப் போனாள். காஸ் மெஷின் முன்னால் நின்று மூச்சை இழுத்தான், மெஷின் அசையவில்லை. இடுப்பால் தள்ளினான், டில்ட். முழங்காலால் தள்ளினான், அதுவும் டில்ட்.

"யோவ் காஸ், இப்படியே போனா டோமோட மீசையை நான் கோடை பூரா பாத்துக்கிட்டு உக்காரணும்யா," என்றாள் ஹெட்டி. "உன் பழைய வயித்தை எப்படியாவது கொண்டா."

சட்டைக்குள் தலையணை வைத்துப் பார்த்தார்கள். அது பொதபொதவென்று மெஷினை அணைத்துக்கொண்டதே தவிர நகர்த்தவில்லை. மாவு மூட்டை கட்டினார்கள். அது ஆட்டத்தின் நடுவில் பிரிந்து, கடல்கன்னி உட்பட எல்லாரையும் வெள்ளையடித்தது. கடைசியில் ஹெட்டி குளிர்பெட்டியிலிருந்து புகைபோட்ட பன்றித்தொடை ஒன்றை, வலைக்கயிற்றோடு முழுசாக, தூக்கி வந்தாள். அதைக் கட்டிக்கொண்டு காஸ் மூச்சு விட்டதும், குண்டு ஆணியில் பட்டு, கொஞ்சம் தயங்கி, அவன் நினைத்த பக்கம் விழுந்தது. காஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பசியாலும் இருக்கலாம். மூக்குக்குக் கீழேயே அந்த வாசனை.

போட்டியன்று புரோனியாவிடம், கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். பங்குச் சாமியார் ஃபாதர் லூட்விக் அந்த நேரத்தில் ஹெட்டியின் கடையில் முன்வரிசை ஸ்டூலில் நடுவராக உட்கார்ந்திருந்தார். அதை அவன் யோசிக்கவில்லை. கோயில் பூட்டியிருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி யோசித்தாள், புரோனியாவிடமும் சொன்னாள்.

டோம் முதலில் ஆடினான். நிதானமானவன், விரல் நுனியால் தள்ளுவான். நிறையப் புள்ளிகள் எடுத்துவிட்டு மீசையை நீவிக்கொண்டு ஒதுங்கினான். காஸ் அந்தப் புள்ளிகளை விரட்டிக்கொண்டே வந்தான். கடைசிக் குண்டுக்கு வந்தபோது, மெஷினுக்குள் குண்டால் அடித்து வீழ்த்த வேண்டிய சின்னப் பலகைகளின் வரிசையில் ஒன்றே ஒன்றுதான் விழாமல் நின்றது. அதை வீழ்த்தினால் கண்ணாடிப் படத்தில் ராணியின் கிரீடம் விளக்காக எரியும், ஆட்டம் அவன் பக்கம். ஆனால் வேர்வையில் கட்டு நழுவி, பன்றித்தொடை இடுப்புக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கால்களைப் பின்னிக்கொண்டு தாங்கினான். குண்டை மேலே அடித்தான். அது போய் மேல் மூலையில், ரப்பர் வளையத்துக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

தள்ளினால் டில்ட், தள்ளாவிட்டால் குண்டு வராது. ஃபாதர் லூட்விக் எழுந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அப்போதுதான் புரோனியா உள்ளே வந்தாள். புருஷனைப் பார்த்தாள். காலையில் காணாமல் போயிருந்த வயிறு மத்தியானம் திரும்பி வந்திருந்தது, அதுவும் தொடை மட்டத்தில். நேரே போய் அவன் சட்டையை விலக்கி, கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"இது யாரு, காஸ்?"

காஸ் பொத்தான்களை விடாமல், மூலையில் மாட்டிய குண்டையே பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். நான் அங்க முட்டைக்கோஸ் நறுக்கி நறுக்கி விரல் தேயறேன். நீ இதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கறியா?"

சொன்ன வேகத்தில் பன்றித்தொடையை மெஷினின் கண்ணாடி மேல் தொப்பென்று போட்டாள். பாட்டில்கள் அதிர்ந்தன. எடைக்குண்டு பக்கவாட்டில் ஆடினால்தான் வளையத்தைத் தொடும். இந்த அடியோ நேராக மேலிருந்து விழுந்தது. டில்ட் எரியவில்லை. மூலையில் மாட்டியிருந்த குண்டு மட்டும் சிலிர்த்து விடுபட்டு, பம்பரில் பட்டுக் கீழே உருண்டது. காஸின் கைகள் இன்னும் பொத்தான்களில்தான் இருந்தன. பன்றித்தொடை பாதி மறைக்க, மனைவி மீதி மறைக்க, சத்தத்தை மட்டும் வைத்து வலது துடுப்பை அமுக்கினான். பலகை விழுந்தது. கிரீடம் எரிந்தது.

டோம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வெளியாள் தலையிட்டது தப்பு என்றான். புரோனியா குண்டைப் பார்த்து அடிக்கவில்லை, புருஷனைப் பார்த்துத்தான் அடித்தாள், அது குடும்ப விஷயம் என்றாள் ஹெட்டி. ரொம்ப நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ஃபாதர் லூட்விக், கண்ணாடியும் உடையவில்லை, டில்ட்டும் ஆகவில்லை, மனைவி கேள்வி கேட்பதைத் தடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். டோம் ஆள் மோசமில்லை. படத்தை மாட்டுகிறேன், ஆனால் பன்றித்தொடையும் படத்தில் இருந்தாக வேண்டும், பாதி ஜெயித்தது அதுதான் என்றான். அப்படியே படம் எடுத்தார்கள்.

படம் எடுத்து முடிந்து காஸ் திரும்பிப் பார்த்தால் புரோனியாவைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று பயந்து கோட்டைத் தேடினான். அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கைப்பையை மெஷின் மேல் வைத்துவிட்டு, கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு இழுக்கணும் இதை?"

"பாதி. முழுசா இழுத்தா அந்தப் பக்கம் போய் நேரா குழியில விழுந்துரும்."

அவள் முழுசாக இழுத்து விட்டாள். குண்டு நேராகக் குழியில் விழுந்தது.

"வீட்டுக்குப் போலாமா?" என்றான் காஸ்.

"இரு," என்று புரோனியா அடுத்த குண்டுக்குக் கம்பியைப் பிடித்தாள்.