மிருக வைத்தியர் வராத சனிக்கிழமைகள்

எனக்கு நாய் என்றால் பயம். பூனை என்றால் எரிச்சல். மாட்டைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. ஆனாலும் இரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒரு மிருக வைத்தியர் பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதையும் கிளியின் வாயில் மருந்து ஊற்றுவதையும் ஒரு நிமிடம் விடாமல் பார்த்திருக்கிறேன். என் மகன் அனுப்பியதாயிற்றே.

அனுப்பியது என்றால், டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் பெட்டி வழியாக. மகன் வெளியூரில் இருக்கிறான். கடைசியாக வந்தவன் மூன்று நாள் தங்கி, கிளம்புகிற அன்று காலையில் அதை வாங்கி மாட்டினான். "அங்கேருந்தே என் போன்ல பதிவு போட்டு விடுவேன்ப்பா. நீங்க பார்த்தாப் போதும்" என்றான். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்து மணிக்கு வைத்தியர் தயார்.

அதன்பிறகு அவன் போனில் பேசுவது குறைந்தது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. வாராவாரம் நினைக்கிறானே, அது போதாதா? பேருந்து பணிமனையில் முப்பத்தொரு வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். சொன்ன நேரத்துக்கு வருகிற வண்டியைச் சந்தேகப்படக் கூடாது என்பது என் கட்சி. ஒருமுறை அவனிடம் முழங்கால் வலி என்றேன். அந்த வாரமே ஒரு நொண்டிக் கிழட்டு நாய்க்கு வைத்தியம். "பாத்தியா, புள்ள எப்படித் தேடிப் போட்டிருக்கான்!" என்று சுவரிடம் சொன்னேன். கேட்க வேறு ஆள் இல்லை.

போன மாதம் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிய மென்பொருள் இரவு மூன்று மணிக்குத் தானாக நிறுவப்படுமாம், பெட்டியை அணைக்கக் கூடாதாம். நானோ எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பேன். மறுநாள் அதே அறிவிப்பு, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. நான்கு நாள் மல்லுக்கட்டினேன். ஐந்தாம் நாள் "தொலைஞ்சு போ" என்று அணைக்காமல் படுத்தேன். காலையில் பெட்டி புது முகத்தோடு வணக்கம் சொன்னது.

அந்தச் சனிக்கிழமை வைத்தியர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் நாலிலிருந்து ஐந்து வரை பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரியவில்லை.

மகனுக்கு என்மேல் கோபம், வேறென்ன? கடைசியாகப் பேசியபோது "எங்களோட வந்து இருங்கப்பா" என்றான். "எனக்கென்ன குறை? ராஜா மாதிரி இருக்கேன். உன் வீட்ல வந்து கைகட்டி நிக்கணுமா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். அவனைக் கூப்பிட்டுக் கேட்கவும் மானம் தடுத்தது. பெட்டிதான் பழுது என்று யாராவது சொன்னால் தேவலை என்று கம்பெனிக்குப் போன் செய்தேன்.

எடுத்த பெண் பொறுமைசாலி. பெட்டியின் எண்ணைக் கேட்டு, எதையோ தட்டிப் பார்த்தாள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு சார். அப்டேட் ஆனப்ப பழைய தொடர் பதிவு அழிஞ்சிருக்கு."

"தொடர் பதிவுன்னா?"

"ஒரு தடவை போட்டா வாராவாரம் தானாவே பதிவாகும் சார். உங்களுது, பெட்டி மாட்டின அன்னைக்கே போட்டிருக்காங்க."

"அதுக்கப்புறம் என் மகன் போன்லேருந்து போட்டதெல்லாம்?"

"அதுக்கப்புறம் வெளியிலேருந்து எதுவும் வரல சார். ஒண்ணுகூட."

மகனுக்குக் கோபமே இல்லை. வைத்தியர் வராதது அவனுக்குத் தெரியவே தெரியாது. கோபமாவது பட்டிருக்கலாம். கோபப்படவும் ஒரு நினைப்பு வேண்டுமே. இரண்டு வருஷமாக நான் ஒரு பெட்டியோடு உறவு கொண்டாடியிருக்கிறேன்.

"திரும்பப் போட்டுத் தரட்டுமா சார்? மறுபடி அழியாம இருக்க, ராத்திரி அப்டேட்டையும் நிறுத்திடலாம்."

"வேண்டாம்மா."

"நிகழ்ச்சி பிடிக்கலையா சார்?"

"எனக்கு நாயே பிடிக்காதும்மா" என்று வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு மகனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அப்பா? என்னப்பா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றான் பதறி.

பதறாமல் என்ன செய்வான்? இதற்குமுன் நானாக அவனைக் கூப்பிட்டது அவன் அம்மா போன அன்றைக்குத்தான். யாருக்கு என்று கேட்க இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்தன்தான் மிச்சம்.

"எனக்குத்தான்டா. தனியா இருக்க முடியலடா" என்றேன்.

மறுமுனையில் அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.