கந்தப்பன் பட்ட கடன்

இலங்கை மலைநாட்டில் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து, அதே காம்பராவில் கல்யாணம் கட்டி, அதே காம்பராவில் தலை நரைத்தவன் கந்தப்பன். ஆனால் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டபோது அரசாங்கக் கந்தோர் அவனை நம்பவில்லை. இவ்வளவு காலமும் இந்த நாட்டில்தான் இருந்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டது. தேயிலைச் செடியையா கூட்டிப்போய்ச் சாட்சி சொல்ல வைக்க முடியும்? மனு தள்ளுபடியானது. அப்பீலும் தோற்றால் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்றார்கள். இந்தியாவில் அவனுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

அப்பீலுக்குப் பீஸ் வேண்டுமே. பால்மாட்டை விற்றான். வாங்க வந்தவர் தொப்பி போட்டிருந்தார், காரில் வந்திருந்தார், பக்கத்துத் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட இருநூறு ரூபாய்ச் செக்கை நீட்டினார். துரை கையெழுத்தைச் சந்தேகப்பட அந்த மலையில் யாருக்குத் துணிச்சல் உண்டு? அந்தக் காகிதத்துக்கே கந்தப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

நுவரெலியா பேங்கில் அவன் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், லயம் எல்லாம் கேட்டுச் செக்கின் முதுகில் எழுதி, பெருவிரலை உருட்டி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தார்கள். கந்தோர் வருஷக்கணக்காகத் தேடியும் அகப்படாத ஆள், பேங்கில் வெற்றிலை போடுகிற நேரத்தில் அகப்பட்டுவிட்டான். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நேரே, கோர்ட்டில் வழக்காடும் பிரக்கிராசி பரமலிங்கத்திடம் போய், அப்பீலை நடத்தச் சொல்லி முழுப்பணத்தையும் கொடுத்தான்.

மறுமாதம் பேங்க் அவன்மேல் வழக்குப் போட்டது. நோட்டீசைப் படித்துச் சொன்னவரும் பரமலிங்கம்தான்.

"அந்தத் துரை அப்பிடி ஒரு செக்கும் எழுதேல்லையாம். கள்ளக் கையெழுத்து. காசு எடுத்தவன் நீ, விரல் வைச்சவன் நீ. நீதான் திருப்பிக் கட்ட வேணும்."

"நானும் ஏமாந்தவன்தானுங்களே ஐயா. மாடும் போச்சுங்களே."

"மாடு வாங்கினவனைப் பிடிச்சா அவனட்டைக் கேள். பேங்க் உன்னட்டைத்தான் கேக்கும்."

"அப்ப ஐயாகிட்ட நான் குடுத்த காசு?"

"செக்தான் கள்ளம். காசு நல்ல காசு," என்றார் பரமலிங்கம்.

அந்த நல்ல காசில் நடந்த அப்பீலும் தோற்றது. நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். மனம் உடைந்துபோய்த்தான் அவன் பேங்க் வழக்குக்குக் கோர்ட்டுப் படி ஏறினான்.

பேங்க் தரப்பு வக்கீல் எழுந்தார். இவன் இந்தியன், எந்த நேரமும் கப்பலேறிவிடுவான். கடன் முழுக்கத் தீரும்வரை இலங்கையை விட்டு இவன் போகக்கூடாதென்று உத்தரவு வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றான் கந்தப்பன்.

ஓர் ஏழையின் சுதந்திரத்தைப் பறிப்பதா என்று பரமலிங்கம் இங்கிலீசில் குதிக்க ஆரம்பித்தார். கந்தப்பன் அவருடைய கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"ஐயா, சும்மா இருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நீதிபதி உத்தரவைப் போட்டார். மாதம் ஐந்து ரூபாய் கட்ட முடியுமா என்று கேட்டார்.

"அஞ்சு ரொம்பங்க சாமி. ஒண்ணு போடுங்க."

நீதிபதி இரக்கப்பட்டு ஒன்றாக்கினார். இரக்கம் இன்னும் மிச்சமிருந்தது போல. வட்டியைத் தள்ளிவிடலாமே என்று பேங்க் வக்கீலைப் பார்த்தார். கந்தப்பன் பதறிப்போனான்.

"வட்டியத் தள்ளாதீங்க சாமி. அது பாட்டுக்கு ஏறட்டும்."

இப்படியொரு நாணயமான மனிதனைத் தாம் கண்டதில்லை என்றார் நீதிபதி.

லயத்தில் அவன் மனைவி பேச்சியம்மா அழுதுகொண்டே காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "இத அடகு வச்சு ஒரேயடியாக் கட்டித் தொலைச்சிருங்க. நமக்கெதுக்குக் கடன்?"

"போடு புள்ள காதுல. கடன் இருக்கிற வரைக்கும் நம்மள ஒருத்தனும் இங்கேருந்து கெளப்ப முடியாது. கோர்ட்டே சொல்லிருச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "என்னைக்காவது ஒரு நாளு தீந்துதானங்க போகும்?"

கந்தப்பன் வெறுமையாகக் கிடந்த மாட்டுக் கொட்டிலைப் பார்த்தான்.

"அதுக்குள்ள இன்னொரு மாடு வளப்போம். அந்தத் தொப்பிக்காரரு வராமயா போவாரு?"