விரல் பட்ட நாற்று

கீழே மருமகள் அமலா துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை பயமில்லை. சுந்தராம்பாள் மாடி அறையின் ஜன்னலோரம் குந்தி உட்கார்ந்து, நாற்று விடும் குழித்தட்டின் மேல் போர்த்தியிருந்த பழைய வேட்டித் துணியை விலக்கி, ஒரு குழிக்குள் ஆள்காட்டி விரலை விட்டாள். தென்னைநார்த் தூளைக் கிளறியதும் கத்தரி விதை ஒன்று மேலே வந்தது. அதற்கு நூல் மாதிரி வெள்ளையாக வேர் விட்டிருந்தது. பாக்கெட் விதை முளைக்காது என்று அடித்துச் சொன்னவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். அதை மறுபடி உள்ளே தள்ளி அமுக்கினாள். உடனே பக்கத்துக் குழி எப்படியோ என்று தோன்றியது. அதையும் கிளறினாள். சந்தேகம் அவளுக்கு வெற்றிலை மாதிரி. ஒன்று தீரும்போதே அடுத்ததற்கு வாய் ஊறும்.

ஆடியில் மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம் போடுவது மருமகளின் யோசனை. கத்தரி, தக்காளி, மிளகாய், சுவரோரம் ஒரு பீர்க்கங்கொடி. கோட்டைமலைக் குரங்குகளுக்காக மேலே வலை கட்ட வேண்டும் என்று மகன் சேரன் கம்பிகூட வாங்கிப் போட்டுவிட்டான். நாற்று கொஞ்சம் தேறும் வரை வெயிலும் குரங்கும் அண்டாமல் அறைக்குள்ளேயே இருக்கட்டும் என்றாள் அமலா. வயலில் நாற்றங்கால் விட்ட குடும்பத்தில் விதைக்கு ஒரு படுக்கையறையா என்று சுந்தராம்பாள் கேட்டாள். அதைவிட அவளை உறுத்தியது வேறு. விதை வாங்குகிறோம் என்று இரண்டு பேரும் பஸ் ஏறித் திண்டிவனம் போனார்கள். செஞ்சி பஜாரில் இல்லாத விதையா? பொழுதோடு திரும்பி வந்தவர்கள் கையில் சின்னச் சின்னதாய் மூன்று பாக்கெட்தான் இருந்தது. அதற்கு ஒரு நாள் முழுக்கவா?

முதல் தட்டு தேறவில்லை. முளைத்த நாலைந்தும் கழுத்தொடிந்து விழுந்தன. அமலா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அத்த, யாரோ வெரல வுட்டு நோண்டியிருக்காங்க."

"நான் ஏன் நோண்டப்போறேன்? கொரங்கு வந்திருக்கும்."

"கொரங்கு வந்து பாத்துட்டு, மறுபடியும் துணிய மூடி வச்சிட்டுப் போச்சா?"

சுந்தராம்பாள் அந்தத் துணியை எடுத்து உதறி மடித்தாள். ஆனால் பழி தன் தலையில் விழ விடுகிறவள் இல்லை. அன்று முழுக்க யோசித்து, நாற்று பட்டுப்போனதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். அந்த வீட்டில் தூரமான பெண்கள் செடி கொடியைத் தொடுவதில்லை. மூன்று நாள் தனிப்பாய், பிறகு பாயை அலசிப் போட்டுத் தலைக்கு முழுகிவிட்டுத்தான் கறிவேப்பிலைகூடப் பறிப்பார்கள். 'தொட்டா செடி வாடாது அத்த, அதெல்லாம் சும்மா' என்று அமலா ஒருமுறை சொல்லியிருந்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தப் பாய் கொடியில் காய்ந்து எவ்வளவு நாளாகிறது! போன மாதமும் காயவில்லை, இந்த மாதமும் காயவில்லை. ஆக, மறைக்கிறாள். தீட்டோடு மாடி ஏறி, தீட்டோடு தண்ணீர் ஊற்றுகிறாள். வேறு விதமாக அவளுக்கு யோசனையே ஓடவில்லை. போன வருடம் அமலாவுக்குக் கரு கலைந்த பிறகு, 'ஒரு வருசம் போவட்டும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க' என்று சேரன் சொல்லியிருந்தான். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை.

அமலா மறுபடி விதை போட்டாள். சுந்தராம்பாளுக்கு மனசு ஆறவில்லை. ரேஷன் கடை வரிசையில் எதிர்வீட்டு ஜெயக்கொடி முன்னால் நின்றது இன்னும் வசதியாகப் போய்விட்டது. ஜெயக்கொடி காதில் போட்டால் தெரு முழுக்கப் போட்ட மாதிரி.

"எங்க வீட்டு கத இன்னா கதன்னு கேக்கற? நாத்தெல்லாம் பட்டுப்பூடுச்சி."

"ஏங்க்கா?"

"எல்லாம் என் மருமவளாலதான். ரெண்டு மாசமா முழுவலடி அது. முழுவாமயே மாடிக்கும் கீழுக்கும் நடக்குது. கேட்டா மூஞ்சத் திருப்பிக்குது."

ஜெயக்கொடி பையைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"முழுவாம இருக்குதா அமலா? ஏங்க்கா, எம்மாம் நல்ல சேதி, இத்தப் போயி திட்டற மாரி சொல்ற!"

சுந்தராம்பாள் சிரிப்பதற்காக வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. தான் சொன்ன வார்த்தையே திரும்பி வந்து எதிரில் நின்றது. முழுகாமல் இருக்கிறாள். திண்டிவனத்தில் ஒரு நாள் முழுக்க. குழம்பு தாளிக்கும்போது கொல்லைப்பக்கம் போய் நிற்பது. அம்மாவிடம் போனில் குசுகுசுவென்று பேசுவது. கடவுளே, இவ்வளவும் கண் முன்னால் நடந்திருக்கிறது, தான் பாயைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். சந்தோஷத்தில் ஜெயக்கொடியின் கையை அவளும் இறுக்கிப் பிடித்தாள். அடுத்த நிமிடமே பிடி தளர்ந்தது. போன தடவை நாள் தள்ளிப்போன உடனேயே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அவள் வாய்தான். கலைந்த பிறகு அத்தனை பேரும் வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள். அமலா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யார் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. இந்தத் தடவை அவள் ஏன் சொல்லவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எத்தினி மாசம்னு சொல்லுக்கா."

"அய்ய, ஒனக்கு வேற வேலயில்ல!" என்று கையை உதறிக்கொண்டாள் சுந்தராம்பாள். "குளிக்காம செடியத் தொடுதுன்னு சொன்னா, நீ இன்னாத்தயோ நெனச்சிக்கற. ரெண்டு மாசம்னது ஒரு பேச்சுக்கு. முந்தாநேத்துதான் தலைக்கு ஊத்திக்குச்சி. நான்தான் வெந்நி வச்சிக் குடுத்தேன்."

ஜெயக்கொடியின் முகம் சப்பென்று ஆனது.

"அதானே பாத்தேன். பாவம், அதுக்கு எப்பதான் கண்ணு தொறக்குமோ சாமி."

எண்ணெய் பாக்கெட்டை வாங்கிப் பையில் போடும் வரை அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையைச் சுந்தராம்பாள் மென்று விழுங்கினாள். வேறு நாளாக இருந்தால் அங்கேயே ஒரு சண்டை நடந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது அமலா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள். சுந்தராம்பாள் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்தாள்.

"குடும்மா, நான் எடுத்துக்கினு போறேன்."

அமலா குடத்தை விடவில்லை. மாமியார் வாயிலிருந்து 'ம்மா' வந்து அவள் கேட்டதே இல்லை. முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாத்த? யாரு இன்னா சொன்னாங்க?"

அந்தப் பார்வையில் இருந்தது பயம். கதவைச் சாத்திக்கொண்ட அந்த நாட்களின் பயம். சுந்தராம்பாள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"யாரு சொல்லணும்? நீ குளிச்சியோ இல்லியோ, யாரு கண்டா! ஒங்கை பட்டுத்தான் எல்லாம் பட்டுப்போவுது. இனிமே மாடிப்பக்கம் கால வச்சின்னா பாரு. தண்ணி நான் ஊத்திக்கறேன். எறங்கு கீழ!"

"ஐயே, ஆரம்பிச்சிட்டீங்களா!" அமலா குடத்தை அவளிடம் தள்ளினாள். முகத்திலிருந்து பயம் வடிந்து, வழக்கமான எரிச்சல் வந்திருந்தது. அந்த எரிச்சலைப் பார்க்கச் சுந்தராம்பாளுக்கு நிம்மதியாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அமலா இறங்கி முடிக்கும் வரை அங்கேயே நின்றாள். பிறகு குடத்தோடு மேலே போனாள்.

ஜன்னலோரம் தட்டு மூடியபடி இருந்தது. குந்தி உட்கார்ந்து துணியின் ஒரு மூலையைத் தூக்கினாள். ஒரு பச்சைகூடத் தெரியவில்லை. ஓரக்குழியில் தூள் லேசாக மேடு தட்டியிருந்த மாதிரி இருந்தது. முளைதானா, இல்லை கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா? ஆள்காட்டி விரல் தானாகவே நீண்டு குழியின் விளிம்பு வரைக்கும் போய்விட்டது. அங்கே நின்றது. கீழே அமலா ரேஷன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. சுந்தராம்பாள் விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். துணியைப் பழையபடி போர்த்தி, குடத்து நீரைக் கையில் அள்ளி, துணியின் மேலேயே மெல்லத் தெளித்தாள்.