கைப்பட்டையில் அடங்காத பெயர்

1

சரியாக நினைவிருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம். வரிக்குப் பதினெட்டு எழுத்தா, இருபதா? பதினெட்டு என்றே வைத்துக்கொள்கிறேன். மருத்துவமனையில் நோயாளியின் மணிக்கட்டில் கட்டுகிற பட்டை அது. நீளமான விவரங்களைச் சொல் உடையாமல் வரிவரியாக மடித்து அதில் அச்சிடும் சின்னக் கணினி நிரலை எழுதியவன் நான்.

விதி எளிது. வரியில் ஒரு சொல் அடங்காவிட்டால் அடுத்த வரிக்குத் தள்ளு. அங்கும் அடங்காவிட்டால்

(வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். நிரலிலும் இங்கேதான் விட்டேன்.)

2

'ஒரு தச்சருக்கு மூச்சு நின்றது' என்று தொடங்கி அழித்துவிட்டேன். நிற்கவில்லை, திணறியது. அவருக்கு ஆகாத மருந்தின் பெயர் இருபத்திரண்டு எழுத்து. எந்த வரியிலும் வைக்க முடியாமல் நிரல் அதைச் சத்தமில்லாமல் தவறவிட்டது. 'ஒவ்வாமை:' என்று அச்சாகி, பக்கத்தில் வெற்றிடம். அதைப் பார்த்துவிட்டு அந்த மருந்தையே ஊசியில் ஏற்றிய நர்ஸ், என் அண்ணி.

3

பட்டையை அவசரப் பிரிவில் வெட்டி எறிந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்த அரைமணியில் நிரலைத் திருத்தினேன். (மறைக்க அல்ல. பிழையைக் கண்டால் கை தானாகப் போகும். நம்பச் சொல்லவில்லை.) விசாரணையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பட்டையை மறுபடி அச்சிட்டார். இரண்டு வரியாக உடைந்து, மருந்தின் பெயர் பளிச்சென்று வந்தது.

"கண்ணு எங்கே இருந்துச்சும்மா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"நான் பாக்கும்போது காலியா இருந்துச்சு சார். காலின்னா ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"உங்களுக்கு மட்டும் காலியா காட்டுச்சா? கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்ன கோபமோ."

சிரித்தார்கள். பதினோரு வருடம் ஒரு ஊசிகூடத் தவறாகப் போடாதவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. அப்படி வர வாய்ப்பிருக்கா?"

4

இந்தக் கதையின் ஒரு வடிவத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். இன்னொன்றில் அண்ணியே கண்டுபிடித்து என்னை அறைகிறார். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் பொய்.

"பாத்துதான் சொல்லணும்" என்றேன். பார்த்து முடித்திருந்தேன்.

5

இதுவரை எழுதியதைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். "கதைதானே? நல்லா இருக்கு" என்று இழுப்பறையில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் பாதியாவது அவருக்குரியது.

தச்சர் பிழைத்து, ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். கண்காணிப்பாளர் அதே நாற்காலியில் இருக்கிறார். நிரல் ஒழுங்காக ஓடுகிறது. வேலை போன அண்ணி ஒரு துணிக்கடையில் நிற்கிறார். இதன் இன்னொரு பிரதியை அவர் படித்துவிட்டார். அதன்பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிடுவதில்லை.