வலப்பக்கத்துப் பை

தரைக்குக் கீழே இருந்த எங்கள் சண்டைப் பயிற்சிக் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். அண்ணன், வகுப்பு எடுக்கும்போது உட்காரும் இடத்திலேயே, ரப்பர் விரிப்பின் நடுவில். அண்ணி சன்னலோரம் தையல் இயந்திரத்தின் முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. ‘பன்’ என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த மாணவி செருப்புப் பலகையின் மேல். பேக்கரியில் மாவு பிசைபவள், என் வயதுக்காரி; வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வந்தவளின் புருவத்தில் இன்னும் மாவு இருந்தது. நான் படிக்கட்டின் கடைசிப் படியில், மடியில் இரண்டு காமிக்ஸ் புத்தகங்களோடு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள்.

இரண்டும் ஒரே இதழ்தான். பெண் உளவாளி ஒருத்தி ஐஸ் தொழிற்சாலைக்குள் நுழைந்து, ஆயுதமில்லாமல் சண்டையிட்டு மீளும் கதை. ஒன்று, சிறு வயதில் அண்ணனும் நானும் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை கிடையாது, நடுத்தாளும் கிடையாது. தைத்திருந்த கம்பி கழன்று அந்தத் தாள் எங்கோ விழுந்துபோனதே எங்களுக்குத் தெரியாது. அவள் கதவைத் திறக்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு ஒரு முரடனோடு மோதுகிறாள். ‘உனக்கு ஒரு கையே போதும்’ என்ற திமிர் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். அந்தத் திமிர் அண்ணனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

மற்றது முழுப் பிரதி. அலுவலகத்தில் தபால் பிரிவில் இருப்பவள் நான். கடிதம் எழுத அலுக்காது. சேகரிப்பாளர்களுக்கு எழுதி எழுதி, கடைசியில் ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர் ஒருவர் இரவலாக அனுப்பியிருந்தார். ‘திருப்பி அனுப்ப அவசரமில்லை; ஆனால் நான் அவசரக்காரன்’ என்று குறிப்பும் வைத்திருந்தார்.

அண்ணன் பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பிறகு முறையாக ஓர் ஆசானிடம் படித்தான் என்றாலும், இந்தக் கூடத்தைத் தொடங்கியபோது அவன் சொல்லிக்கொடுத்தது அந்த ஐஸ் தொழிற்சாலைச் சண்டையைத்தான். படம் படமாகப் பார்த்துக் கோத்த அடவு. அதற்காகவே அண்ணி ஒவ்வொரு சீருடையிலும் வலப்பக்கம் ஒரு பை வைத்துத் தைப்பாள். ஊரில் எங்கள் ஆட்களுக்கு ‘பைக்கை கோஷ்டி’ என்று பெயர். அடுத்த ஞாயிறு, பெரிய விளையாட்டரங்கில் மற்றப் பள்ளிகளின் முன்னால் அதைச் செய்து காட்ட முதன்முறையாக அழைப்பு வந்திருந்தது. அண்ணி புதுச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நான் நடுத்தாளைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் பார்க்கவேண்டும் என்றுதானே இத்தனை கடிதமும்.

நடுத்தாளில் ஐஸ் பாளம் சரிந்து அவளுடைய வலக்கையின் மேல் விழுகிறது. விரல்கள் நசுங்குகின்றன. அவள் அந்தக் கையை இடக்கையால் தூக்கி, ஒரு பொருளை வைப்பதுபோலக் கோட்டுப் பைக்குள் வைக்கிறாள். அவ்வளவுதான். அதன்பிறகு கதையில் அந்தக் கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

அண்ணன் வெகுநேரம் பார்த்தான்.

“அப்ப இது திமிர் இல்ல. அடிபட்ட கை.”

புத்தகத்தை என்னிடமே நீட்டினான்.

“இத்தன வருஷமா நல்லா இருக்கிற கையப் பைக்குள்ள போடுங்கடான்னு சொல்லிட்டிருந்திருக்கேன். அங்க வந்து ஒருத்தன் ஏன்னு கேட்டா என்ன சொல்றது? நடுப்பக்கம் கிழிஞ்சு போச்சுன்னா? அடுத்த வாரம் போகல. கூடத்தையே மூடிடலாம்.”

“ஏங்க, மூடுறதுன்னா இப்பவே சொல்லுங்க,” என்றாள் அண்ணி, திரும்பாமலே. “பையப் பிரிக்கிறது தைக்கிறத விடக் கஷ்டம். துணி பாழாப் போகும்.”

“உனக்குத் துணிதான் கவலை.”

“பின்ன? மானம் உங்களது, துணி என்னதுல்ல?”

பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினாள். சண்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. எத்தனையோ முறை பார்த்திருந்தும், அவள் தோளுக்கு மேலாக நானும் புதிதாகப் பார்த்தேன். முரடனின் வாயிலிருந்து வரும் ஆவி, பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே போகிறது. உளவாளியுடையது சின்னஞ்சிறு கீற்று, அதுவும் சில கட்டங்களில் இல்லை. மூச்சைப் பிடித்திருக்கிறாள். வரைந்தவர் ஓர் இடத்திலும் மறக்கவில்லை. விழும்போதும் எழும்போதும் அந்த வலத்தோள் மட்டும் ஒரு நூல் தாழ்ந்தே இருக்கிறது. பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல், மூலையில் எறும்பளவு இரண்டு எழுத்துகளோடு ஒதுங்கிக்கொண்ட மனிதர்.

“மாஸ்டர்,” என்றாள் பன். “மூணாவது அடில நாம முதுகக் காட்டித் திரும்புவோம்ல? எதிராளிக்கு முதுகக் காட்டலாமான்னு நான் கேப்பேன். நீங்க திட்டுவீங்க.”

“திரும்புன்னா திரும்பு, கேள்வி கேக்காதன்னு சொல்லுவேன்.”

“உங்களுக்கும் தெரியாது.”

“தெரியாதுதான். அதான் கோவம் வந்துச்சு.”

“இப்பப் பாருங்க. அந்த முரடன் உதைக்கிறது எந்தப் பக்கம்?”

அண்ணன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு அதை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து விரிப்பின் நடுவில் நின்றான். வலக்கையைப் பைக்குள் வைத்தான். எப்போதும்போல் சட்டென்று நுழைக்கவில்லை, இடக்கையால் எடுத்து வைத்தான். அடவைத் தொடங்கினான்.

மெதுவாகத்தான் செய்தான். கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய அளவு எனக்குப் பழகிய அடவு. ஆனாலும் மூன்றாவது அடியில் அவன் திரும்பியபோது, முதுகைக் காட்டுகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. கையை மறைக்கிறான் என்று தோன்றியது. ஐந்தாவதில் அவன் சுவரோரம் ஒதுங்கியதும், ஏழாவதில் தேவையில்லாமல் குனிவதாக நான் நினைத்திருந்ததும் அப்படியே. காரணம் சொல்லத் தெரியாமல் அவன் அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் அந்த ஒரு கையைச் சுற்றி வந்து நின்றது. தையல் இயந்திரம் நின்றிருந்தது. அண்ணி எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

முடித்தபோது அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

“எவ்வளவு யோசிச்சு வரைஞ்சிருக்கார், பாரு,” என்றான். “நடுத்தாளே இல்லாமக்கூட எனக்குச் சரியா வந்திருக்கு.”

“உனக்கா, அவருக்கா?” என்றேன்.

“சரிடி, அவருக்குத்தான்.”

கப்பல் சமையல்காரருக்கான நன்றிக் கடிதத்தை முந்தின நாளே எழுதி, உறையில் தபால்தலையும் ஒட்டி வைத்திருந்தேன். அண்ணன் சொல்ல, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: படம் வரைந்தவர் யாரென்று தெரியுமா? இருக்கிறாரா? இருந்தால் முகவரி வேண்டும்.

புத்தகத்தையும் கடிதத்தையும் உறைக்குள் வைத்துப் பசை தடவினேன். அண்ணன் வாங்கி, இடக்கை முட்டியால் ஓரத்தை அழுத்தி அழுத்தி ஒட்டினான்.

“பையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே,” என்றாள் அண்ணி.

அவன் உறையை எடுத்துக்கொண்டு படியேறினான். நானும் பின்னால் போனேன். தெருமுனைத் தபால்பெட்டியின் வாய் குறுகல். உறையைச் சற்று வளைத்துப் பிடிக்க இரண்டு கை வேண்டும். நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வலக்கை பைக்குள்ளேயே இருக்க, உறையைப் பெட்டியின் விளிம்பில் சாய்த்து, இடது முழங்கையால் தள்ளி, அவன் அதை உள்ளே விட்டான். கூடத்தின் தரைமட்டச் சன்னலிலிருந்து, தையல் இயந்திரம் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.