நூற்று முப்பத்தேழுக்கு அப்பால்

புதன்கிழமை காலை பட்டறைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பாதிரியார் முன்னிலையில், மிலிவோயேயின் கல்லறைக் கல்லிலிருந்து வெள்ளைத் துணியை விலக்க வேண்டும். அவன் இறந்து அன்றோடு ஒரு வருடம். மிலிவோயே என் கூம். என் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவன், என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவன். கூமுக்குக் கொடுத்த வாக்கில் ஒரு நாள் தவறினாலும் தவறியவன் குடும்பம் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எங்கள் வீட்டில் 1931 முதல் கல்லறைக் கல் செய்கிறோம். ஒரு கல்கூடத் தாமதமானதில்லை.

முகங்களைப் பதிக்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறோம். அதன் வைர ஊசி கறுப்புக் கல்லைப் புள்ளி புள்ளியாகக் கொத்தும். உச்சந்தலையில் தொடங்கி வரிவரியாகக் கீழே இறங்கும். ஒரு முகத்துக்கு ஒன்பது மணி நேரம். அதை ஓட்டும் புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும்.

மாப்பிள்ளை நெபோய்ஷா சாச்சக் டவுன் வரை போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தார். எனக்கு மகன் இல்லை. என் மகள் யஸ்னாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவர் அவர். எங்கள் பக்கத்தில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் காப்பிக்கடையில் சிரிப்பார்கள்.

“இதைவிடச் சின்னது கிடைக்கல மாமா. ஐந்நூறு ஜிபி. நூத்தி இருபதை மட்டும் பிரிச்சு அதுல பழைய விண்டோஸைப் போடறேன். மீதி சும்மா கிடக்கட்டும்.”

“சும்மா கிடக்கவா? எங்க வீட்டுல நிலத்தைத் தரிசாப் போட்ட வழக்கம் இல்ல மாப்பிள்ளை. உங்க வீட்டுல எப்படியோ.”

“எங்க வீட்டுல நிலமே இல்ல மாமா. அதனாலதானே இங்க இருக்கேன்.” அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். “பழைய விண்டோஸுக்கு நூத்தி முப்பத்தேழு ஜிபி வரைக்குந்தான் எண்ணத் தெரியும். அதுக்கு மேல போனா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். புதுசா எழுதறதை எல்லாம் தன் தலை மேலயே எழுதிக்கும்.”

“எண்ணத் தெரியாத பொட்டிக்கு நான் பயப்படணுமா? முழுசையும் ஒரே துண்டாப் போடுங்க. ஆபீஸ் கணினியில இருக்கற எல்லா முகமும் இங்க வரணும். ஒவ்வொரு படத்துக்கும் உங்க பின்னால நான் அலைய முடியாது.”

“அப்படின்னா கல்லு முடிஞ்சப்புறம் பேசிக்கலாம் மாமா. அதுவரைக்கும் எதையும் காப்பி பண்ண வேண்டாம்.”

நான் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை முழுவதும் அதிலேயே உட்கார்ந்து, நான் சொன்னபடியே ஒரே துண்டாக, பழைய விண்டோஸைப் போட்டு முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊசியை ஓடவிட்டுவிட்டு, கல்லுக்கு அடித்தளம் போடக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். என்னால் உட்கார முடியவில்லை. பட்டறைக்கும் ஆபீஸுக்குமாக நடந்தேன். மிலிவோயேயின் முடி தெரிந்தது, நெற்றி தெரிந்தது. காப்பி போட்டேன், குடிக்கவில்லை. கைகளைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடத்து முகங்கள் அடுத்த அறையில் இருந்தன, நூற்று அறுபது ஜிபி. கோப்புகளை இழுத்துப் போட எனக்கும் தெரியும். இழுத்துப் போட்டேன்.

இரண்டு மணிக்கு ஊசி நின்றது. அப்போது அது மூக்கு நுனியில் இருந்தது. திரை கறுப்பாகி, வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது. அணைத்துப் போட்டேன். அதே வரி. மறுபடி போட்டேன். அதே வரி.

நாலு மணிக்கு நெபோய்ஷா பூட்ஸில் சிமெண்டோடு வந்தார். திரையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எல்லாத்தையும் மறுபடி போடணும். அப்புறம் விட்ட வரியைக் கண்டுபிடிச்சு, மயிரிழை பிசகாம ஊசியை அங்க நிறுத்தணும். நாளைக்குள்ள நடக்காது மாமா.”

“கல் நாளைக்கு நின்னாகணும்,” என்றேன். நின்றது.

சனிக்கிழமை பாதிரியார் துணியை விலக்கினார். முடி, நெற்றி, கண்கள், மூக்கு. அதற்குக் கீழே வழுவழுப்பான கறுப்பு. அதற்கும் கீழே பெயர். முணுமுணுப்பு எழுந்தது. மிலிவோயேயின் தம்பி ராதிசாவ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“வீட்டோட மாப்பிள்ளை கையில பட்டறையைக் குடுத்தா இப்படித்தான் விளங்கும்.”

எல்லோரும் நெபோய்ஷாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இறந்தவருக்குப் படைக்கும் வேகவைத்த கோதுமைத் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி அவரோடு போய்விடும். தொண்ணூறு வருடப் பெயர் தப்பிவிடும்.

“ராதிசாவ், வாயை அளந்து பேசு. அவர் வேண்டாம்னு சொன்னார். நான் கேக்கல. அவர் இல்லாதப்ப நான்தான் கை வெச்சேன். முகம் பாதியில நின்னது என்னால.”

மிலிவோயேயின் மனைவி தெசங்கா கல்லுக்கு அருகே போய், வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாப்பத்தாறு வருஷமா சொன்னேன், வாயை மூடுய்யான்னு. இப்பதான் கேட்டிருக்கார்.”

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். அவள் சிரிக்கவில்லை. “உம்மை அப்புறம் கவனிச்சுக்கறேன், கூம்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு நெபோய்ஷாவிடம் திரும்பினாள். “தம்பி, நீ சொல்லு. வாய் எப்ப வரும்?”

அவர் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். நான் கல்லின் முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தேன்.

“வியாழக்கிழமை, தெசங்காக்கா,” என்றார் கடைசியில்.

நானாக இருந்தால் செவ்வாய் என்று சொல்லியிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.